வீடு கட்ட ஒரு ஒர்க்ஷீட்: எந்த வேலை தாமதமானால் குடி போகும் நாள் தள்ளிப் போகும்?

கம்ப்யூட்டர் உலகில் புரோகிராம் என்றால், கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகள். கட்டுமானத் துறையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், எது முடிந்த பின் எது என்று எழுதி வைக்கும் கால அட்டவணையைத்தான் அங்கே புரோகிராம் என்கிறார்கள். பாலம், அணை, மெட்ரோ ரயில் போன்ற திட்டங்களில் இதற்கென்றே தனி என்ஜினியர்களும், விலை உயர்ந்த சாப்ட்வேர்களும் உண்டு. ஆனால் 800 சதுர அடியில் சொந்த வீடு கட்டுபவருக்குக் கிடைப்பது, "ஆறு மாசத்துல முடிச்சிடலாம் சார்" என்று மேஸ்திரி சொல்லும் ஒரு வரி மட்டும்தான்.

அந்த ஆறு மாதம் எட்டு மாதமானால் என்ன ஆகும்? வாடகை வீட்டில் இருந்து கொண்டு வங்கிக் கடனில் கட்டுபவருக்கு ஒவ்வொரு மாதமும் இரட்டைச் செலவு. வாடகை 10,000 ரூபாய், வட்டி 15,000 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், இரண்டு மாதத் தாமதத்தில் 50,000 ரூபாய் வீட்டிற்குள் ஒரு செங்கலாகக் கூட மாறாமல் போய்விடும். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். புதிய சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். எக்ஸெல் இருந்தால் போதும். இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். கூட்டல், கழித்தல் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் இதைத் தயாரித்து விடலாம்.

இந்தப் பாடத்தில் நாம் தெரிந்து கொள்ளப் போவது ஒன்றுதான். கட்டட வேலையில் எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. சில வேலைகள் ஒரு நாள் தள்ளிப் போனாலும் வீடு ஒரு நாள் தள்ளிப் போகும். வேறு சில வேலைகள் மாதக் கணக்கில் தள்ளிப் போனாலும் வீடு முடியும் நாள் அசையாது. எது எந்த வகை என்று தெரிந்தால், பணத்தையும் கவலையையும் எங்கே செலவிடுவது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பேப்பரும் பேனாவும்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் உங்கள் என்ஜினியரிடமோ மேஸ்திரியிடமோ அமர்ந்து ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வேலையின் பெயர் என்ன? எத்தனை நாள் பிடிக்கும்? எது முடிந்தால் இதைத் தொடங்க முடியும்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குக் கிடைக்கும் பதிலை "முன் வேலை" என்று அழைப்போம்.

தரைத்தளம் மட்டும் உள்ள ஒரு சிறிய வீட்டிற்கான மாதிரிப் பட்டியல் கீழே உள்ளது. நாட்கள் எல்லாம் ஞாயிறு தவிர்த்த வேலை நாட்கள். இவை பாடத்திற்காக எடுத்துக் கொண்ட எண்கள். உங்கள் வீட்டிற்கு உங்கள் மேஸ்திரி தரும் எண்களைப் போட்டுக் கொள்ளுங்கள்.

1. நிலம் சுத்தம் செய்து அளவு குறித்தல்: 3 நாட்கள், முன் வேலை இல்லை
2. அஸ்திவாரம் தோண்டுதல்: 5 நாட்கள், முன் வேலை 1
3. அஸ்திவாரம், பேஸ்மென்ட் கட்டி மண் நிரப்புதல்: 22 நாட்கள்; முன் வேலை 2
4. நிலை, ஜன்னல் சட்டங்களைத் தச்சரிடம் கொடுத்துச் செய்தல்: 20 நாட்கள், முன் வேலை 1
5. சுவர், லிண்டல், ரூப் மட்டம் வரை கட்டுதல்: 24 நாட்கள், முன் வேலை 3, 4
6. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, ரூப் கான்கிரீட் போடுதல்: 10 நாட்கள், முன் வேலை 5
7. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துதல், சென்ட்ரிங் பிரித்தல்: 12 நாட்கள், முன் வேலை 6
8. சுவரில் காடி எடுத்து எலக்ட்ரிக் பைப் பதித்தல்: 6 நாட்கள், முன் வேலை 7
9. தண்ணீர்க் குழாய்கள் பதித்தல்: 5 நாட்கள், முன் வேலை 7
10. உள்பூச்சு: 15 நாட்கள், முன் வேலை 8, 9
11. வெளிப்பூச்சு: 12 நாட்கள், முன் வேலை 7
12. தரை, பாத்ரூம் டைல்ஸ்: 12 நாட்கள்; முன் வேலை 10
13. செப்டிக் டேங்க்: 10 நாட்கள், முன் வேலை 3
14. கதவுகள் மாட்டுதல்: 5 நாட்கள், முன் வேலை 12
15. பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தல்: 14 நாட்கள், முன் வேலை 11, 12
16. ஸ்விட்ச், விளக்கு, குழாய், பாத்ரூம் பொருட்கள் பொருத்துதல்: 5 நாட்கள், முன் வேலை 13, 14, 15
17. சுத்தம் செய்து ஒப்படைத்தல்: 2 நாட்கள், முன் வேலை 16

எல்லா நாட்களையும் கூட்டினால் 182 வருகிறது. ஆனால் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும் என்பதால் வீடு அதற்கு முன்பே முடியும். எப்போது என்பதை ஒர்க்ஷீட் சொல்லப் போகிறது.

ஒர்க்ஷீட்டைத் தயார் செய்தல்

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறக்கவும். முதல் வரிசையில் ஏ முதல் ஐ வரை உள்ள செல்களில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: எண், வேலை, நாட்கள், முன் வேலை, தொடக்கம், முடிவு, கடைசித் தொடக்கம், கடைசி முடிவு, இருப்பு நாள்.

இரண்டாவது வரிசையிலிருந்து 17 வேலைகளையும் எழுதவும். தலைப்புக்கு ஒரு வரிசை போய்விட்டதால், வேலை எண்ணுடன் ஒன்றைக் கூட்டினால் அதன் வரிசை எண் கிடைக்கும். 5 ஆவது வேலை 6 ஆவது வரிசையில் இருக்கும். இதை நினைவில் வைத்துக் கொண்டால் குழப்பம் வராது.

ஒரு குறிப்பு. படிக்க வசதியாகப் பார்முலாக்களை இங்கே தமிழில் தந்துள்ளோம். கம்ப்யூட்டரில் டைப் செய்திடும்போது செல் எழுத்துக்களையும் பங்க்சன் பெயர்களையும் ஆங்கிலத்தில்தான் அமைக்க வேண்டும்.

முதலில் முன்னோக்கிப் போகும் கணக்கு. இ2 செல்லில் 1 என்று டைப் செய்திடவும். முதல் வேலை முதல் நாளில் தொடங்குகிறது என்பது பொருள். எப்2 செல்லில்,

=இ2+சி2-1

என்று டைப் செய்திடவும். விடை 3 என்று கிடைக்கும். ஏன் 1 கழிக்கிறோம்? முதல் நாள் தொடங்கும் 3 நாள் வேலை 1, 2, 3 ஆகிய நாட்களில் நடந்து 3 ஆம் நாள் மாலையில் முடிகிறது. 4 ஆம் நாளில் அல்ல. இனி எப்2 செல்லின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து எப்18 வரை இழுத்துவிடவும். எப் நெட்டு வரிசை தயார்.

தொடக்கம் என்னும் இ வரிசையை மட்டும் இப்படி இழுக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் முன் வேலை வேறு வேறு அல்லவா? எனவே ஒவ்வொன்றாக எழுத வேண்டும். முன் வேலை ஒன்றே ஒன்று என்றால், அது முடியும் நாளுடன் 1 கூட்டினால் போதும். 2 ஆவது வேலைக்கு முன் வேலை 1. எனவே இ3 செல்லில்,

=எப்2+1

முன் வேலைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், அவற்றில் கடைசியாக முடிவது எதுவோ அதற்காகக் காத்திருக்க வேண்டும். சுவர் எழுப்ப பேஸ்மென்ட்டும் வேண்டும், நிலையும் வேண்டும். இதற்கு மேக்ஸ் பங்க்சன் உதவும். கொடுத்த எண்களில் பெரியதை இது எடுத்துத் தரும். இ6 செல்லில்,

=மேக்ஸ்(எப்4,எப்5)+1

இதே போல இ11 செல்லில் எப்9, எப்10 ஆகியவற்றையும், இ16 செல்லில் எப்12, எப்13 ஆகியவற்றையும், இ17 செல்லில் எப்14, எப்15, எப்16 ஆகியவற்றையும் மேக்ஸ் அடைப்புக்குள் அமைக்கவும். மற்றவை எல்லாம் ஒரே முன் வேலை உள்ளவை.

எல்லாம் சரியாக அமைந்தால் எப்18 செல்லில் 130 என்று தெரியும். 182 நாள் வேலை 130 வேலை நாட்களில் முடிகிறது. வாரத்திற்கு 6 நாள் என்றால் சுமார் 5 மாதம்.

பின்னோக்கிப் போகும் கணக்கு

இப்போது எதிர்த் திசையில் வருவோம். வீடு 130 ஆம் நாள் முடிய வேண்டும் என்றால், ஒவ்வொரு வேலையும் அதிகபட்சம் எந்த நாளுக்குள் முடிந்தாக வேண்டும்? கடைசி வேலையில் தொடங்கி மேல் நோக்கி வர வேண்டும்.

எச்18 செல்லில் =எப்18 என்று டைப் செய்திடவும். ஜி2 செல்லில்,

=எச்2-சி2+1

என்று அமைத்து ஜி18 வரை இழுத்துவிடவும். ஐ2 செல்லில் =ஜி2-இ2 என்று அமைத்து அதையும் ஐ18 வரை இழுத்துவிடவும். தொடக்கத்தில் விசித்திரமான எண்கள் தெரியலாம். கவலை வேண்டாம், எச் வரிசை நிறைந்தவுடன் சரியாகிவிடும்.

எச் வரிசையில் ஒவ்வொரு வேலைக்கும், அதை நம்பி இருக்கும் அடுத்த வேலையின் கடைசித் தொடக்கத்தில் 1 கழிக்க வேண்டும். 16 ஆவது வேலையை நம்பி இருப்பது 17. எனவே எச்17 செல்லில் =ஜி18-1. ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் நம்பி இருந்தால், முதலில் தொடங்க வேண்டியது எதுவோ அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். இங்கே சிறிய எண்ணை எடுத்துத் தரும் மின் பங்க்சன் தேவை. சென்ட்ரிங் பிரிப்பதை நம்பி 8, 9, 11 ஆகிய மூன்று வேலைகள் இருப்பதால் எச்8 செல்லில்,

=மின்(ஜி9,ஜி10,ஜி12)-1

எச்2 செல்லில் ஜி3, ஜி5. எச்4 செல்லில் ஜி6, ஜி14. எச்13 செல்லில் ஜி15, ஜி16 என்று இதே முறையில் அமைக்கவும். மற்றவற்றிற்கு நேரடிக் கழித்தலே போதும்.

இருப்பு நாள் சொல்லும் செய்தி

இப்போது ஐ வரிசையைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் 0 என்று இருக்கும். ஐந்து வேலைகளுக்கு மட்டும் எண்கள் கிடைக்கும்: நிலை செய்தல் 7, தண்ணீர்க் குழாய் பதித்தல் 1, வெளிப்பூச்சு 21, செப்டிக் டேங்க் 83, கதவு மாட்டுதல் 9.

0 உள்ள வேலைகளை முதலிலிருந்து கடைசி வரை கோர்த்துப் பார்த்தால் ஒரு சங்கிலி போல வரும். அளவு குறித்தல், அஸ்திவாரம், பேஸ்மென்ட், சுவர், ரூப், தண்ணீர் நிறுத்துதல், எலக்ட்ரிக் பைப், உள்பூச்சு, டைல்ஸ், பெயிண்ட், பொருத்துதல், ஒப்படைத்தல். இவற்றின் நாட்களைக் கூட்டினால் சரியாக 130. இந்தச் சங்கிலிக்குத்தான் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். இதில் எந்தக் கண்ணி ஒரு நாள் நீண்டாலும் வீடு முடிவது ஒரு நாள் தள்ளிப் போகும்.

சோதித்துப் பாருங்கள். தச்சர் நிலை செய்ய 20 நாளுக்குப் பதில் 30 நாள் எடுக்கிறார். சி5 செல்லில் 30 என்று மாற்றவும். எப்18 செல்லில் 133 என்று தெரியும். 10 நாள் தாமதத்தில் 7 நாளை இருப்பு விழுங்கிக் கொண்டது. மீதி 3 நாள் வீட்டின் மீது விழுந்தது. மீண்டும் 20 ஆக்கிவிட்டு, செப்டிக் டேங்க்கின் 10 நாளை 40 ஆக்குங்கள். 130 அப்படியே இருக்கும். டைல்ஸை 12லிருந்து 17 ஆக்கினால் உடனே 135. இதையும் பழையபடி 12 ஆக்கிவிடவும்.

அவசரத்திற்குக் கூலி கொடுக்கும் முன்

வேலை பின்தங்கினால் "ஆள் கூடப் போடுங்கள், பணம் தருகிறேன்" என்று எல்லோரும் சொல்வது வழக்கம். எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி. வெளிப்பூச்சுக்குக் கூடுதல் கொத்தனார்களைப் போட்டு 12 நாளை 8 ஆக்கினால் ஒரு நாள் கூட மிச்சமாகாது. அதற்கு ஏற்கனவே 21 நாள் இருப்பு உள்ளது.

சரி, இருப்பு இல்லாத எலக்ட்ரிக் பைப் வேலையில் இரண்டு மடங்கு ஆட்களைப் போட்டு 6 நாளை 3 ஆக்கினால்? 3 நாள் மிச்சம் என்று தோன்றும். சி9 செல்லில் 3 என்று மாற்றிப் பாருங்கள். 129 என்றுதான் வரும். மிச்சம் ஒரே ஒரு நாள். காரணம், பக்கத்திலேயே 5 நாள் எடுக்கும் தண்ணீர்க் குழாய் வேலை இருக்கிறது. எலக்ட்ரீஷியன் சீக்கிரம் முடித்தாலும் பிளம்பர் முடிக்கும் வரை பூச்சு வேலை தொடங்காது. மூன்று நாளுக்கான கூடுதல் கூலியைக் கொடுத்து ஒரு நாளை வாங்குகிறோம். இத்தகைய கணக்கு மனதில் வராது. ஒர்க்ஷீட்டில் ஒரு எண்ணை மாற்றினால் உடனே வந்துவிடும். பார்த்தவுடன் சி9 செல்லில் மீண்டும் 6 என்று அமைத்துவிடவும்.

ஒரு இடத்தில் மட்டும் கை வைக்கவே கூடாது. ரூப் கான்கிரீட் போட்ட பின் வரும் 12 நாட்களில் ஆட்கள் யாரும் வேலை செய்வதாகத் தெரியாது. சங்கிலியில் இருக்கும் வேலை என்பதால் இதைக் குறைத்தால் என்ன என்ற ஆசை வரும். ஆனால் அந்த நாட்களில்தான் கான்கிரீட் வலுப்பெறுகிறது. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதித் தொகுப்பில், சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் என்றால், தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபிற்கு 7 நாளும், அதற்கு மேல் இருந்தால் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்று தரப்பட்டது. கலப்பு சிமெண்ட் என்றால் தண்ணீர் ஊற்றும் காலத்தை 14 நாளாக நீட்டுவது நல்லது என்றும் அதே தொகுப்பில் சொல்லப்பட்டது. நம் பட்டியலில் உள்ள 12 வேலை நாட்கள் என்பது இரண்டு ஞாயிறுகளையும் சேர்த்து 14 நாட்கள். உங்கள் வீட்டிற்கு எத்தனை நாள் என்பதை என்ஜினியர் முடிவு செய்யட்டும். ஒர்க்ஷீட் முடிவு செய்ய வேண்டாம்.

ஒரே கொத்தனார் குழு என்றால்

நம் பட்டியலில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெளிப்பூச்சு 77 முதல் 88 ஆம் நாள் வரை. உள்பூச்சு 83 முதல் 97 வரை. 83 முதல் 88 வரை இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. இரண்டு குழுக்கள் இருந்தால் சரி. சிறிய வீடுகளில் ஒரே குழுதான் இரண்டையும் செய்யும். அப்போது எதை முதலில் செய்வது?

வெளிப்பூச்சு முதலில் என்றால், உள்பூச்சு அதற்காகக் காத்திருக்க வேண்டும். இ11 செல்லில் மேக்ஸ் அடைப்புக்குள் எப்12 செல்லையும் சேர்க்கவும். வீடு முடியும் நாள் 136 ஆகிவிடும். 6 நாள் நஷ்டம்.

இதை நீக்கிவிட்டு, உள்பூச்சு முதலில் என்று மாற்றிப் பாருங்கள். அதாவது இ12 செல்லில் =எப்11+1 என்றும், எச்11 செல்லில் =மின்(ஜி12,ஜி13)-1 என்றும் அமைக்கவும். வெளிப்பூச்சு 98 ஆம் நாள் தொடங்கி 109 ஆம் நாள் முடியும். வீட்டிற்குள் டைல்ஸ் வேலையும் அதே 109 ஆம் நாள்தான் முடிகிறது. எனவே மொத்தம் 130 நாளில் மாற்றம் இல்லை. அதே ஆட்கள், அதே கூலி, வரிசையை மட்டும் மாற்றினால் 6 நாள் மிச்சம். ஆனால் வெளிப்பூச்சின் 21 நாள் இருப்பு இப்போது 0 ஆகியிருப்பதையும் ஐ12 செல்லில் பார்க்கலாம். இனி அதையும் கண்காணிக்க வேண்டும்.

முன் வேலையை மாற்றும்போது எக்ஸெல் "சர்க்குலர் ரெபரன்ஸ்" என்று எச்சரித்தால், ஒரு வேலை சுற்றி வந்து தன்னையே எதிர்பார்த்து நிற்கிறது என்று பொருள். கடைசியாக மாற்றிய செல்லைச் சரி பார்க்கவும்.

நாள் எண்ணைத் தேதியாக மாற்றுதல்

77 ஆம் நாள் என்றால் மேஸ்திரிக்குப் புரியாது, தேதி வேண்டும். பி21 செல்லில் வேலை தொடங்கும் தேதியை டைப் செய்திடவும். பி22 முதல் பி40 வரை பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா என்று ஆட்கள் வராத நாட்களின் தேதிகளை எழுதவும். பின் ஜே2 செல்லில் சமக்குறியை அடுத்து ஒர்க்டே என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடத் தொடங்கினால், அந்தப் பெயரில் இரண்டு பங்க்சன்கள் பட்டியலில் தெரியும். வெறும் ஒர்க்டே சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாக எடுத்துக் கொள்ளும். நமக்குத் தேவை, புள்ளிக்குப் பின் ஐ, என், டி, எல் என்ற நான்கு எழுத்துக்கள் உள்ள பங்க்சன். அதைத் தேர்ந்தெடுத்து அடைப்புக்குள் இப்படி அமைக்கவும்:

($பி$21-1,இ2,11,$பி$22:$பி$40)

11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறியீடு. டாலர் அடையாளம், கீழே இழுக்கும்போது அந்த செல் முகவரி மாறாமல் இருப்பதற்காக. கே2 செல்லில் இ2 என்பதற்குப் பதிலாக எப்2 என்று அமைத்தால் முடியும் தேதி கிடைக்கும். இரண்டையும் 18 ஆவது வரிசை வரை இழுத்துவிடவும். தேதிக்குப் பதில் ஐந்து இலக்க எண் தெரிந்தால், ரைட் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் பிரிவில் டேட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

இனி பி21 செல்லில் தேதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆவணி முதல் நாளை ஒட்டி ஆகஸ்ட் நடுவில் தொடங்கினால், ரூப் வேலைக்கான 55 முதல் 64 வரையிலான நாட்கள் அக்டோபர் கடைசிப் பத்து நாட்களில் வந்து விழும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். தீபாவளியை ஒட்டி ஆட்கள் ஊருக்குப் போகும் நேரமும் அதுதான். பொங்கல் முடிந்து தொடங்கினால், ரூப் மார்ச் கடைசியில் வரும். மழை இல்லை, ஆனால் வெயில் அதிகம் என்பதால் தண்ணீர் அதிகம் தேவை. எது உங்களுக்கு வசதி என்பதைப் பூமி பூஜைக்கு நாள் குறிக்கும் முன்பே பார்த்துவிடலாம்.

பார்த்தவுடன் புரியும் பட்டை வரைபடம்

எல்1 முதல் ஏஜி1 வரை 1, 2, 3 என்று 22 வரை எழுதவும். இவை வாரங்கள். எல்2 செல்லில் இந்த பார்முலாவை அமைக்கவும்:

=இப்(அண்ட்($இ2<=எல்$1*6,$எப்2>=எல்$1*6-5),"■","")

இதை ஏஜி2 வரை வலது பக்கமும், பின் 18 ஆவது வரிசை வரை கீழேயும் இழுத்துவிடவும். எந்த வாரத்தில் எந்த வேலை என்று கறுப்புக் கட்டங்கள் படிக்கட்டு போல இறங்கி வரும். நாட்களை மாற்றினால் கட்டங்களும் தாமாகவே நகரும். நெட்டு வரிசைகளின் அகலத்தைக் குறைத்து, பக்கத்தை லேண்ட்ஸ்கேப் முறையில் அமைத்து, ஒரு பிரிண்ட் எடுத்துக் கட்டட இடத்தில் ஒட்டி வைக்கலாம்.

இந்த வகைப் படத்திற்கு காண்ட் சார்ட் என்று பெயர். 1910 களில் இதைப் பரவலாக்கிய ஹென்றி காண்ட் என்ற அமெரிக்க என்ஜினியரின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். ஆனால் எந்தப் பட்டை எதைத் தடுத்து நிறுத்துகிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. அந்தக் குறையைத் தீர்த்த கிரிட்டிக்கல் பாத் முறை 1950 களின் பிற்பகுதியில் வந்தது. டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் 1957ல் யூனிவேக் கம்ப்யூட்டரின் துணையுடன் ரசாயனத் தொழிற்சாலைப் பணிகளுக்காக இதை உருவாக்கினார்கள். அறை முழுவதையும் அடைத்துக் கொண்ட அந்தக் கம்ப்யூட்டர் போட்ட அதே கணக்கைத்தான் இப்போது உங்கள் மேஜை மீது நீங்கள் போட்டிருக்கிறீர்கள்.

வேலை தொடங்கிய பின்

தயாரித்த ஒர்க்ஷீட்டை அப்படியே மூடி வைத்தால் பயன் இல்லை. கீழ்க்கண்ட பழக்கங்களைக் கடைப்பிடிக்கவும்.

* முதலில் ஒரு பிரதி எடுங்கள். கீழே உள்ள ஷீட் பெயரின் மீது ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி தேர்ந்தெடுத்து, கிரியேட் எ காப்பி என்ற இடத்தில் டிக் செய்திடவும். முதல் திட்டம் ஒரு ஷீட்டில் மாறாமல் இருக்கட்டும். மற்றதில் மாற்றங்களைச் செய்யுங்கள்.

* ஞாயிறு மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்த வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்பதை சி வரிசையில் மாற்றுங்கள். நடந்து கொண்டிருக்கும் வேலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மேஸ்திரியிடம் கேட்டு, ஆன நாளுடன் கூட்டிப் போடுங்கள். பிற வரிசைகளில் எண்களை நேரடியாக டைப் செய்யாதீர்கள், பார்முலா அழிந்துவிடும்.

* பொருட்களுக்கான ஆர்டர் நாளையும் குறியுங்கள். டைல்ஸ் வேலை 98 ஆம் நாள் தொடங்குகிறது. கடைக்காரருக்கு 10 வேலை நாள் தேவை என்றால் 88 ஆம் நாளுக்குள் ஆர்டர் கொடுத்தாக வேண்டும். டைல்ஸ் நிறத்தை வீட்டில் முடிவு செய்யாததால் வேலை நின்றுபோவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

* மேஸ்திரியைக் குற்றம் சாட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். "அடுத்த வாரம் பிளம்பர் வரவில்லை என்றால் பூச்சு நின்றுவிடும், முன்கூட்டியே சொல்லிவிடலாமா?" என்று கேட்க இது உதவ வேண்டும். நாட்களைச் சொன்னவர் அவர் என்பதால் அவருக்கும் இது பிடித்துப் போகும்.

இதற்கென்றே உள்ள சாப்ட்வேர்களையும் பின்னர் முயன்று பார்க்கலாம். காண்ட் ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட் லிப்ரே ஆகிய இரண்டும் இலவசம். முன் வேலையைச் சொன்னால் கிரிட்டிக்கல் பாத்தை அவையே வரைந்து காட்டும். மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட் கட்டணம் செலுத்திப் பெற வேண்டியது. பெரிய நிறுவனங்களில் ப்ரைமவேரா என்ற தொகுப்பு புழக்கத்தில் உள்ளது. ஒர்க்ஷீட்டில் ஒரு முறை கையால் கணக்கிட்டவருக்கு இவற்றின் திரையில் வரும் ஒவ்வொரு எண்ணும் ஏன் வந்தது என்று புரியும்.

பயிற்சி

பிரதி எடுக்காத முதல் பட்டியலை வைத்து (ஒரே கொத்தனார் குழு மாற்றம் இல்லாமல்) இவற்றைச் செய்து பாருங்கள்.

1. பெயிண்ட் வேலையை 14 நாளிலிருந்து 10 ஆகக் குறைத்தால் வீடு எந்த நாளில் முடியும்? கதவு வேலையின் இருப்பு என்ன ஆகும்?
2. தண்ணீர்க் குழாய் பதிக்க 5 நாளுக்குப் பதில் 8 நாள் ஆனால்?
3. செப்டிக் டேங்க் 95 நாள் இழுத்தடித்தால்?

விடைகள்: முதலாவதில் 126 ஆம் நாள், கதவின் இருப்பு 9லிருந்து 5 ஆகும். இரண்டாவதில் 132, குழாய் வேலை சங்கிலிக்குள் வந்து, எலக்ட்ரிக் வேலைக்கு 2 நாள் இருப்பு கிடைக்கும். மூன்றாவதில் 132, எவ்வளவு பெரிய இருப்பும் ஒரு நாள் தீரும். விடை மாறினால் இ அல்லது எச் வரிசையில் ஏதோ ஒரு செல் முகவரி தவறாக உள்ளது. முன் வேலைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு வரிசையாகச் சரி பார்க்கவும்.